டிராம் குதிரையின் முதல் இரண்டு அடி

கேள்வி இது: 19-ஆம் நூற்றாண்டில் குதிரை இழுத்த டிராம் வண்டிகள் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதற்கென்றே தனிக் கருவிகள் செய்தார்களாமே, அவை எப்படி வேலை செய்தன? அவ்வளவு நல்ல யோசனை என்றால் ஏன் எல்லா வண்டிகளிலும் பொருத்தவில்லை?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதுதான் ருசியானது. பல வருடம் இயந்திரவியல் பாடம் நடத்தியவன் என்பதால் இடையிடையே கணக்குப் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கில்லாமல் இந்தக் கதை விளங்காது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. கல் பாவிய தெருவில் இரண்டு குதிரைகள் திணறி இழுக்கும் சுமையைப் போல இரண்டு மூன்று மடங்கைத் தண்டவாளத்தில் அதே குதிரைகள் இழுத்துவிடும். இந்த லாபத்தை நம்பித்தான் 1832 நவம்பரில் நியூயார்க்கில் முதல் தெரு டிராம் ஓடியது. அதைக் கட்டியவர் ஜான் ஸ்டீஃபன்சன். ரயில் எஞ்சின் புகழ் ஸ்டீஃபன்சனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் நியூயார்க்கில் வண்டி செய்தவர். ஐம்பது வருடத்தில் அமெரிக்க நகரங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் டிராம் இழுத்தன. இந்தியாவிலும் உண்டு: கல்கத்தாவில் 1873, பம்பாயில் 1874. பம்பாய் டிராம் கம்பெனி 20 வண்டிகளோடும் 200 குதிரைகளோடும் தொடங்கியது. ஒரு வண்டிக்குப் பத்துக் குதிரை என்ற இந்த விகிதத்தை நினைவில் வைத்திருங்கள்.

இனி கணக்கு. இரண்டு குதிரை பூட்டிய வண்டி சுமார் இரண்டரை டன். உள்ளே உட்கார்ந்தும் நின்றும் 40 பேர் என்றால் இன்னொரு இரண்டரை டன். மொத்தம் 5 டன். தெருத் தண்டவாளம் ரயில் பாதையைப் போலச் சுத்தமாக இருக்காது. பள்ளத்தில் மண்ணும் சாணமும் சரளைக்கல்லும் அடைந்திருக்கும். எடையில் நூற்றில் ஒரு பங்கு இழுவிசை என்று வைத்துக்கொண்டால், ஓடும் வண்டியை ஓட வைத்திருக்க 50 கிலோ இழுப்பு போதும். நல்ல குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு மணிக்கணக்கில் இழுக்கும். 500 கிலோ குதிரை 50 கிலோ இழுக்கும் என்றால் இரண்டு குதிரைகளுக்கு இது பாதி வேலைதான்.

புறப்படும்போது கணக்கு தலைகீழாகிறது. விநாடிக்கு இரண்டரை மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தை 8 விநாடியில் எட்ட வேண்டுமானால், உராய்வை வெல்ல 50 கிலோ, வேகம் கூட்ட 160 கிலோ, ஆக 210 கிலோ இழுப்பு வேண்டும். ஒரு குதிரைக்கு 105 கிலோ. சௌகரியமாக இழுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதுகூட முழுக் கதை இல்லை. அந்தக் காலத்து அச்சு, இன்றைய உருளை பேரிங்கில் சுழலவில்லை. உலோகத் தாங்கிக்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழன்றது. வண்டி நின்றதும் எடையின் அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும், உலோகம் உலோகத்தைத் தொடும். முதல் சில சென்டிமீட்டர் நகர்ந்து எண்ணெய் மறுபடி உள்ளே இழுபடும்வரை அச்சு பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு சரளைக்கல் கிடந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்தும் அசையாத தேர், பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பியதும் ஒரு குலுங்கு குலுங்கி நகரும். நகர்ந்த பிறகு வடம் பிடித்தவர்கள் ஓட வேண்டியிருக்கும், முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அதை அடக்க வேண்டும். டிராம் கருவி செய்தவர்கள் தேடியதும் அந்த ஒரு நெம்புதலைத்தான்.

தேருக்கு வருடத்தில் ஒரு நாள். டிராம் குதிரைக்கு? அந்தக் கால டிராம்களில் பலவற்றுக்கு நிறுத்தம் என்று குறிப்பிட்ட இடம் இருக்கவில்லை. யார் எங்கே கை காட்டினாலும் நிற்க வேண்டும். ஒரு வீட்டு வாசலில் ஒருவரை ஏற்றி, நான்கு வீடு தள்ளி இன்னொருவரை இறக்கி, மறுபடி ஒரு கை. 150 மீட்டருக்கு ஒருமுறை என்று வைத்தாலும், நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் குதிரை 160 தடவைக்கு மேல் புறப்பட்டாக வேண்டும். மழை நாளில், வழுக்கும் கல்லில், லாடம் சறுக்கச் சறுக்க. குதிரையின் முட்டியும் குளம்பும் தசைநாரும் தேய்ந்தது ஓட்டத்தில் அல்ல, இந்தப் புறப்பாட்டில். அமெரிக்க டிராம் வேலையில் ஒரு குதிரை தாக்குப்பிடித்தது சராசரியாக நான்கைந்து வருடம். பிறகு இலகுவான வேலைக்கு விற்றுவிடுவார்கள். ஒரு ஜோடி ஒரு நாளில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்க முடியாது, வண்டியோ விடியல் முதல் நள்ளிரவு வரை ஓட வேண்டும்; வண்டிக்குப் பத்துக் குதிரை வந்தது இதனால்தான்.

1866-இல் நியூயார்க்கில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், பிதுங்க வழிய ஆளேற்றிய டிராம்களை நடுத்தெருவில் நிறுத்திப் பயணிகளை இறக்கிவிடுவார். பயணிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 1872 இலையுதிர் காலத்தில் கனடாவின் டொரோண்டோவில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் அமெரிக்கக் கிழக்குக் கரை முழுக்கப் பரவியபோது டிராம்கள் நாள்கணக்கில் நின்றுபோயின; சில ஊர்களில் மனிதர்களே வண்டி இழுத்தார்கள். நகரம் குதிரையின் காலில் நிற்கிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இந்தச் சூழலில், குதிரையின் முதல் இரண்டு அடியை இலகுவாக்கினால் பணம் கொட்டும் என்று பட்டறைக்காரர்கள் பலர் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. அமெரிக்காவில் இதற்கென எடுத்த காப்புரிமைகள் ஏராளம்.

அவற்றின் அடிப்படை இரண்டே வகை. ஒன்று நெம்புகோல், மற்றது ஸ்பிரிங்.

நெம்புகோல் வகையை முதலில் பார்ப்போம். சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கிறதே, பெடலை முன்னால் மிதித்தால் பிடிக்கும், பின்னால் சுற்றினால் டிக் டிக் என்று நழுவும். அதே தத்துவத்தில் பெரிய பற்சக்கரம் ஒன்றை டிராமின் அச்சில் இறுக்கியிருப்பார்கள். அதன் பக்கத்தில் அச்சைச் சுற்றித் தளர்வாக ஆடும் ஒரு நெம்புகோல். நெம்புகோலில் ஒரு கொக்கி; முன்னால் இழுத்தால் பல்லைக் கவ்வும், பின்னால் வந்தால் நழுவும். நெம்புகோலின் மேல் முனையிலிருந்து ஒரு சங்கிலி, குதிரைகளைப் பூட்டியிருக்கும் இழுகம்பிக்குப் போகும். இந்த இழுகம்பி வண்டியோடு இறுக்கப்பட்டிருக்காது, 30 சென்டிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும்.

குதிரை இழுக்கிறது. வண்டிச் சட்டத்தை இழுப்பதற்குப் பதில் அது நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் அச்சைத் திருகுகிறது. அச்சின் மையத்திலிருந்து நெம்புகோலின் நீளம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் விசை சரியாக இரண்டு மடங்காகும். சேற்றில் மாட்டிய மாட்டு வண்டியை நகர்த்துகிறவர் வண்டிச் சட்டத்தைத் தள்ளாமல் சக்கரத்தின் உச்சியைப் பிடித்து உருட்டுவாரே, அதே கணக்கு. சக்கரம் தரையைத் தொடும் புள்ளிதான் அங்கே நெம்புமுனை. உச்சி அதிலிருந்து அச்சைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. இழுகம்பி தன் 30 சென்டிமீட்டரை முடித்ததும் ஒரு தடையில் முட்டும். அதன் பிறகு இழுப்பு நேராக வண்டிச் சட்டத்துக்குப் போகும், பற்சக்கரம் சும்மா நழுவிக்கொண்டு சுற்றும். அடுத்த நிறுத்தத்தில் வார் தளர்ந்ததும் சிறு ஸ்பிரிங் ஒன்று நெம்புகோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. காகிதத்தில் இதைவிட அழகான ஒன்றைக் காட்ட முடியாது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை இரட்டிப்பானால் நடையும் இரட்டிப்பாகும். குதிரை 60 சென்டிமீட்டர் நடந்தால் வண்டி 30 சென்டிமீட்டர்தான் நகரும். இறுகிய அச்சை அசைத்துவிடவும் சரளைக்கல்லைத் தாண்டவும் அந்த 30 போதும். அந்த அளவில் கருவி உண்மையாகவே உதவும். சிக்கல் 31-ஆவது சென்டிமீட்டரில். இழுகம்பி தடையில் முட்டும் கணத்தில் குதிரை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருந்தால், வண்டி அரை மீட்டர் வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தாக வேண்டும். அரை விநாடிக்குள் அது நடக்க வேண்டுமானால் 500 கிலோ இழுப்பு! வார் நெகிழும், குதிரை தானே தடுமாறி வேகம் குறைக்கும், ஆகவே நடைமுறையில் அவ்வளவு வராது. என்றாலும் எந்த வெடுக்கென்ற இழுப்பைத் தவிர்க்கக் கருவி வைத்தார்களோ, அதே இழுப்பு ஒரு அடி தள்ளிப்போய்க் குதிரையின் தோளில் விழுகிறது. முதலில் கனமாகவும் பிறகு இலகுவாகவும் இருக்கும் சுமைக்குக் குதிரை பழகிவிடும். முதலில் இலகுவாக இருந்து திடீரென்று கனக்கும் சுமைக்கு எந்த மிருகமும் பழகாது.

இன்னொரு தொல்லை, டிராமுக்கு முன்பின் கிடையாது. பாதையின் கடைசியில் குதிரைகளை அவிழ்த்து மறுமுனையில் பூட்டி அப்படியே திரும்பி ஓட்டுவார்கள். ஆகவே இரண்டு முனைக்கும் இரண்டு கருவி வேண்டும். போகும் திசைக்கு எதிரானதன் கொக்கியைத் தூக்கி வைத்தாக வேண்டும். மறந்தால், எதிர்த்திசையில் சுழலும் அச்சைக் கொக்கி கவ்வும், ஏதாவது ஒன்று உடையும். பனியும் மழையுமாகப் பதினாறு மணி நேரம் திறந்த மேடையில் நிற்கும் ஓட்டுநர், ஒவ்வொரு முனையிலும் குனிந்து கொக்கி பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஸ்பிரிங் வகை இன்னும் துணிச்சலானது. என் மனதுக்குப் பிடித்ததும் இதுதான். நிற்கும்போது பிரேக் கட்டையில் தேய்ந்து சூடாகி வீணாகும் ஆற்றலை ஒரு சுருள் ஸ்பிரிங்கில் முறுக்கிச் சேமித்து, புறப்படும்போது திருப்பித் தருவது. இன்று மின்சார ரயில் நிற்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறதே, அதே எண்ணம்தான். நிற்க வேண்டிய இடம் நெருங்கும்போது ஓட்டுநர் ஒரு கிளட்சைப் போடுவார்; அச்சு ஸ்பிரிங்கை முறுக்கும், முறுக்க முறுக்க வண்டி வேகம் இழக்கும். நின்றதும் ஒரு கொக்கி ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புறப்பட மணி அடித்ததும் கொக்கியை விடுவித்தால், பற்சக்கரங்கள் வழியாக அச்சை முன்னோக்கித் திருகும்.

5 டன் வண்டி விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் 15,600 ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கும். அதே வண்டியை 32 சென்டிமீட்டர் உயரம் தூக்கும் வேலைக்குச் சமம், அவ்வளவுதான். இந்த 32-ஐயும் மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும். நல்ல எஃகுச் சுருள் ஸ்பிரிங் கிலோவுக்கு 150 ஜூல் தாங்கும் என்று தாராளமாக வைத்தால், 100 கிலோவுக்குச் சற்று மேல் ஸ்பிரிங் வேண்டும். அந்தக் காலத்து எஃகுக்கு இன்னும் கூட.

இவ்வகைக் கருவிகள் எடையால் தோற்றன என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. கணக்கைப் பாருங்கள். 100 கிலோ கூடுதல் எடைக்கு இழுவிசை ஒரு கிலோதான் கூடும். 25 கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜூல். மறுபக்கம், சேமித்ததில் பாதி உராய்வில் போனாலும் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் 7,000 ஜூலுக்கு மேல் திரும்பக் கிடைக்கும். 160 தடவைக்குப் பதினோரு லட்சத்துக்கும் மேல். எடையைச் சுமந்த கூலியைப் போல நான்கு மடங்கு லாபம். எடை கொன்றிருக்க முடியாது.

கொன்றது கட்டுப்பாடு. ஸ்பிரிங் முறுக முறுக இறுகும். வண்டி எங்கே நிற்கும் என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க முடியாது. ஸ்பிரிங்கும் அன்றைய சுமையும் சேர்ந்து தீர்மானிக்கும். பத்துப் பேர் இருந்தால் கை காட்டியவருக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், நாற்பது பேர் இருந்தால் தாண்டிப் போய்விடும். ஆகவே கைப்பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஸ்பிரிங் அரைகுறையாக முறுகும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் யோசிக்கவே வேண்டாம், முழுப் பிரேக், சேமிப்பு பூஜ்யம்.

புறப்படும்போது இதைவிட மோசம். ஸ்பிரிங்கின் பலம் முதல் கணத்தில்தான் அதிகம். அச்சைப் பொறுத்தவரை அது வரப்பிரசாதம். ஆனால் வண்டிக்கு முன்னால் உயிருள்ள இரண்டு குதிரைகள் நிற்கின்றன. அவை அடியெடுத்து வைக்கும் முன் கொக்கியை விட்டால் 5 டன் வண்டி அவற்றின் பின்னங்காலில் வந்து இடிக்கும். அவை நடந்த பிறகு விட்டால், கடினமான முதல் அடியைக் குதிரை ஏற்கெனவே இழுத்து முடித்திருக்கும், ஸ்பிரிங்கால் பெரிய பயனில்லை. இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும், நாளுக்கு 160 தடவை. முதுகுக்குப் பின்னால் தானாக நகரும் வண்டியைக் கண்டு மிரளாத குதிரை வேறு வேண்டும்.

தவிர, இந்தப் பல்லும் கொக்கியும் ஸ்பிரிங்கும் இருந்த இடம் வண்டியின் வயிறு. தெருவின் சேறு, சாணம், பனி, எல்லாம் தெறிப்பது அங்கேதான். டிராம் லாயங்களில் லாடம் அடிப்பவர், வார் தைப்பவர், குதிரை வைத்தியர் இருந்தார்கள். பற்சக்கரத்தைச் சீர்செய்யத் தெரிந்த கை எத்தனை இருந்திருக்கும்? கம்பெனிக்காரர்களின் மனக்கணக்கு இன்னும் கசப்பானது. தேய்ந்த குதிரையை விற்று அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், சந்தையில் எப்போதும் கிடைக்கும். உடைந்த கருவியோ வண்டியையே பாதையில் நிறுத்திவிடும். ஒரே பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், இதுதான் காரணம்.

குதிரையின் பாரத்தை உண்மையில் குறைத்தவை மிகச் சாதாரணமான ஏற்பாடுகள். இழுகம்பியில் ஒரு சிறு ஸ்பிரிங், வெடுக்கென்ற இழுப்பை மட்டும் தணிக்க. ஏற்றத்தின் அடியில் கூடுதலாக ஒரு குதிரையோடு காத்திருக்கும் ஒரு பையன். ஏறி முடித்ததும் அவிழ்த்துக்கொண்டு கீழே வந்து அடுத்த வண்டிக்குப் பூட்டுவான். தெரு முனைகளில் மட்டும்தான் நிற்போம் என்ற விதி, இது ஒன்றே புறப்பாடுகளைப் பாதியாக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஓட்டுநரின் கை. நல்ல ஓட்டுநர் சவுக்கைத் தொடமாட்டார்; வார் மெல்ல இறுகும்வரை கடிவாளத்தைப் பிடித்து, இரண்டு குதிரைகளும் கழுத்துப்பட்டையில் சாய்ந்த பிறகே பிரேக்கை முழுதாக விடுவார். இளவட்டங்கள் ஓடும் வண்டியில் தொற்றிக்கொள்வார்கள் என்று தெரிந்து, அவர்களுக்காக வேகம் மட்டும் குறைத்து, முற்றாக நிற்காமலே போய்விடுவதும் உண்டு. ஓடும் வண்டியில் ஏறுவது நம் ஊர் பஸ்ஸில் தொடங்கிய வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பிறகு பிரச்சினையையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்ட்ரூ ஹாலிடி, தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் எஃகு வடத்தைப் பற்றிக்கொள்ளும் வண்டியை விட்டார். ஈரமான மேட்டில் டிராம் குதிரைகள் சறுக்கி இழுபட்டதை அவர் பார்த்ததுதான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. 1888 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக்கின் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. அதில் பூட்டிய வகை மோட்டாரின் குணமே, நிற்கும் நிலையில்தான் அதன் திருகுவிசை மிக அதிகம். முதல் அடிதான் அதற்கு மிகச் சுலபம். அதன் பிறகு குதிரைக்கான புறப்பாட்டுக் கருவிக்கு யாரும் தலை உடைத்துக்கொள்ளவில்லை. சென்னைக்கு 1895-இல் மின்சார டிராம் வந்துவிட்டது, பம்பாயில் 1907-இல் மாறினார்கள். நியூயார்க்கின் கடைசிக் குதிரை டிராம் 1917 வரை தாக்குப்பிடித்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இனி அந்த 32 சென்டிமீட்டர். நிறுத்தத்தை 32 சென்டிமீட்டர் உயரமான மேட்டில் வைத்தால் என்ன ஆகும்? வரும் வண்டி மேடேறித் தானே வேகம் இழக்கும், போகும் வண்டி சரிவில் இறங்கித் தானே வேகம் பெறும். ஸ்பிரிங் இல்லை, கொக்கி இல்லை, துரு இல்லை. மற்ற வண்டிகளும் ஓடும் பொதுத் தெருவில், எங்கே வேண்டுமானாலும் நிற்கும் டிராமுக்கு இதைச் செய்ய வழியில்லை. 1900-இல் திறந்த லண்டனின் சென்ட்ரல் சுரங்க ரயிலில் செய்தார்கள். நிலையத்துக்குள் நுழையும் பாதை 60-க்கு 1 ஏற்றம், வெளியேறும் பாதை 30-க்கு 1 இறக்கம். அந்த மேடுகளில் இன்றும் ரயில் ஓடுகிறது.

குதிரை டிராம் எப்படிப் புறப்படும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவின் (Isle of Man) டக்ளஸ் நகரக் கடற்கரைச் சாலையில் 1876 முதல் ஓடும் பாதை இருக்கிறது. அங்கே ஓய்வு பெற்ற டிராம் குதிரைகளுக்கென்று 1950-இல் ஒரு இல்லமும் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டர் ஹார்பரிலிருந்து கிரானைட் தீவுக்கும் குதிரை டிராம் உண்டு. பார்க்க நேர்ந்தால் வண்டியை விட்டுவிட்டுக் குதிரையின் தோளைக் கவனியுங்கள். பழகிய குதிரை கால் எடுத்து வைப்பதற்கு முன் உடலை முன்னால் சாய்க்கும். வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் குளம்பு தூக்கும்.